ஸ்லைடின் வாலைப் பார்க்காமல் ரிப்போர்ட் போடாதீர்கள்

டி.எம்.எல்.டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமா) முடித்து லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம், "ஸ்மியர் பார்ப்பீர்களா?" என்று கேட்டால், "மெஷின் ஃப்ளாக் காட்டினால் பார்ப்போம் மேடம்" என்கிறார்கள். ஸ்மியர் என்பது ரத்தத் துளியைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிய படலமாக இழுத்துச் சாயம் போட்டது; ஃப்ளாக் என்பது மெஷின் காட்டும் எச்சரிக்கைக் குறி. அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. செல் கவுன்ட்டர் ஒரு நிமிடத்தில் ஹீமோகுளோபின், மொத்த வெள்ளையணு, தட்டணு (பிளேட்லெட்) எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்துவிடும். எண்ணுவதில் அதை யாரும் ஜெயிக்க முடியாது. ஆனால் சின்ன ஊர் லேப்களில் இருக்கும் த்ரீ பார்ட் மெஷின், வெள்ளையணுக்களை அளவை வைத்துச் சின்னது, நடுத்தரம், பெரியது என்றுதான் பிரிக்கிறது. ரத்தப் புற்றில் பெருகும் முதிராத செல்லான பிளாஸ்ட், அந்த நடுத்தரக் கணக்கிலோ சின்ன வெள்ளையணுவான லிம்போசைட்டின் கணக்கிலோ சத்தமில்லாமல் சேர்ந்துகொள்ளும். ரத்தப் புற்றுநோயை முதலில் பார்க்கும் வாய்ப்பு, பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு வருவதில்லை. ஊர் லேபில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான் வருகிறது.

தூத்துக்குடியில் ஹீமட்டாலஜி (ரத்தப் பரிசோதனை) பெஞ்சில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். ரத்தத் துளியை ஸ்லைடில் வைப்பதிலிருந்து எலும்பு மஜ்ஜை ஸ்லைடைப் பெரிய மையத்துக்கு அனுப்புவது வரை, என் கை பழகிய முறையை இங்கே எழுதுகிறேன். நோயறிதலை எழுதிக் கையெழுத்துப் போடுவது நோயியல் மருத்துவரின் வேலை. அவர் பார்ப்பதற்குத் தகுந்த ஸ்லைடைக் கொடுப்பதும், எந்த ஸ்லைடை அவர் உடனே பார்க்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதும் நம் வேலை.

ஸ்மியர் இழுப்பது

ஊதா மூடி இ.டி.டி.ஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் ரத்தம் எடுத்த 2 மணி நேரத்துக்குள் ஸ்மியர் போட்டுவிடுங்கள். கலெக்‌ஷன் சென்டரிலிருந்து மாலையில் மொத்தமாக வரும் குழாய்களில்தான் பிரச்சினை. நேரம் ஆக ஆக நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவுக்குள் குமிழ்கள் தெரியும், உட்கருவின் இதழ்கள் பிரிந்து தனித்தனி உருண்டையாகும், லிம்போசைட்டின் உட்கரு மடிந்து விகாரமாகி அசாதாரண செல்லோ என்று மிரட்டும், சிவப்பணுவின் ஓரம் முள் முள்ளாகும். இவை எல்லாம் குழாய்க்குள் நடந்தவை, நோயாளியின் உடம்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. கலெக்‌ஷன் பையனிடம் இரண்டு ஸ்லைடு கொடுத்து, எடுத்த இடத்திலேயே ஸ்மியர் போட்டுக் காயவைத்து அனுப்பச் சொல்லுங்கள். கற்றுக்கொடுத்தால் ஒரு வாரத்தில் நன்றாகப் போடுவார்கள்.

குழாயை மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்காதீர்கள். சுத்தமான, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத ஸ்லைடின் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளி. ஸ்பிரெடர் ஸ்லைடின் முனை வழவழப்பாக இருக்க வேண்டும். இரண்டு மூலைகளையும் உடைத்து, ஸ்லைடைவிட அகலம் குறைந்த ஸ்பிரெடராக வைத்துக்கொண்டால் ஸ்மியரின் இரு ஓரங்களும் ஸ்லைடுக்குள்ளேயே நிற்கும், அந்த ஓரங்களையும் லென்ஸில் பார்க்கலாம். ஸ்பிரெடரை 30லிருந்து 45 டிகிரி சாய்த்துத் துளியைத் தொடும்படி பின்னால் கொண்டுவாருங்கள். ரத்தம் முனை நெடுகப் பரவியதும், ஒரே சீராக, நிறுத்தாமல் முன்னால் தள்ளுங்கள். சுமார் 3 சென்டிமீட்டர் நீளம் வந்து, நாக்கு வடிவத்தில் மெலிந்து முடிய வேண்டும். அந்த மெலிந்த முனைதான் வால். ஸ்லைடின் கடைசி வரை ரத்தத்தை இழுத்துக்கொண்டு போய் வாலே இல்லாமல் செய்துவிட்டால், அந்த ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போடுங்கள்.

ஒரே கோணம் எல்லோருக்கும் பொருந்தாது. ஹீமோகுளோபின் 4 கிராம் இருக்கும் நோயாளியின் ரத்தம் தண்ணீராக ஓடும். அதற்குக் கோணத்தைக் கூட்டி, வேகமாகத் தள்ள வேண்டும். ஹீமோகுளோபின் 19 கிராம் இருப்பவரின் ரத்தம் கெட்டியாக வரும். கோணத்தைக் குறைத்து மெதுவாகத் தள்ளுங்கள். அதனால் மெஷின் ரிசல்ட்டை முதலில் பார்த்துவிட்டு ஸ்மியர் போடுவது என் பழக்கம்.

பெயரையும் லேப் எண்ணையும் பென்சிலால், ஸ்மியரின் தடித்த பகுதியிலேயே எழுதுங்கள். பேனா மை மெத்தனாலில் கரைந்து ஓடிவிடும்.

காயவைப்பதுதான் கடலோர ஊர்களில் பெரிய பாடு. நவம்பர் மழையில் இங்கே காற்றே ஈரமாக இருக்கும். ஸ்மியர் மெதுவாகக் காய்ந்தால் சிவப்பணுக்களின் நடுவில் கண்ணாடித் துண்டு பதித்ததுபோல் மினுங்கும் வளையங்கள் வரும், ஹைப்போகுரோமியா (சிவப்பணு வெளிறல்) என்று தவறாக எழுதத் தோன்றும். ஃபேன் காற்றில், அல்லது ஹேர் டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்து, உடனே காயவையுங்கள். அதே ஈரம் மெத்தனால் பாட்டிலுக்குள்ளும் போகும். பாட்டிலைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், மெத்தனால் காற்றிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு எத்தனை ஸ்லைடு ஊறவைத்தாலும் சிவப்பணுக்கள் பூச்சி அரித்த மாதிரிதான் தெரியும். மழைக்காலத்தில் சின்னச் சின்ன பாட்டிலாகப் பிரித்து வைத்துப் பயன்படுத்துங்கள்.

சாயம்

நம் ஊரில் லீஷ்மன் சாயம்தான் அதிகம். 1891இல் ரொமனோவ்ஸ்கி, மெத்திலீன் புளூவையும் இயோசினையும் சேர்த்தால் உட்கரு ஊதா நிறத்தில் வரும் என்று காட்டியதிலிருந்து கிளைத்த சாயங்களில் இது ஒன்று. ரைட், ஜீம்சா எல்லாம் இதன் உறவுகள். வில்லியம் லீஷ்மன் இதை 1901இல் செய்தார். அதே லீஷ்மன் கல்கத்தாவுக்கு அருகே டம்டமில் காய்ச்சல் கண்ட ஒரு சிப்பாயின் மண்ணீரலில் பார்த்த நுண்ணுயிரைப் பற்றி 1903இல் எழுதினார். அதே ஆண்டில் நம் மெட்ராஸ் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவனும் அதையே பார்த்து எழுதினார். காலா அசார் (கருங்காய்ச்சல்) ஸ்லைடில் நாம் தேடும் எல்.டி பாடி என்பதில் இருக்கும் எல், டி இரண்டும் இவர்கள்தான். தினமும் கையில் எடுக்கும் சாய பாட்டிலுக்கும் நம் சென்னைக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் விஷயம்.

அசிட்டோன் கலக்காத மெத்தனால் 100 மி.லி.க்குப் பவுடர் 0.15 கிராம். கரைத்த அன்றே பயன்படுத்த வேண்டாம், ஒரு வாரமாவது பழுக்கட்டும். காய்ந்த ஸ்மியரை ஸ்டாண்டில் கிடத்தி, எத்தனை துளி என்று எண்ணிக்கொண்டே சாயத்தால் மூடுங்கள். 2 நிமிடம். இந்த நேரத்தில் சாயத்திலுள்ள மெத்தனால் செல்களை ஸ்லைடில் ஒட்டவைக்கிறது. சாயம் ஆவியாகி வறண்டால் மணி மணியாகப் படிந்துவிடும், அப்புறம் அது தட்டணுவா மலேரியாவா என்று கண் தடுமாறும். பின்பு அதைப்போல் இரண்டு மடங்கு பஃபர் தண்ணீர், பி.ஹெச் 6.8. பிப்பெட்டால் மெல்ல ஊதிக் கலக்குங்கள். மேலே உலோகப் பளபளப்பு படரும். 7லிருந்து 10 நிமிடம். பிறகு சாயத்தைக் கொட்டாமல், மேலே தண்ணீர் விட்டு மிதக்கவைத்துக் கழுவுங்கள். முதலில் கொட்டினால் அந்தப் படிவு ஸ்மியரின் மேல் உட்கார்ந்துவிடும்.

பஃபர் மாத்திரை வாங்கக் காசில்லை என்று போர் தண்ணீரை ஊற்றும் லேப்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பும் காரமுமாக இருக்கும். அதில் சாயம் போட்டால் ஸ்லைடு முழுக்க நீலம் பாய்ந்து, சிவப்பணு சாம்பல் நிறமாகி, இயோசினோஃபில் என்ற வெள்ளையணுவின் துகள்கள்கூட நீலமாகத் தெரியும். தண்ணீர் அமிலப் பக்கம் போனால் எல்லாம் ரோஜா நிறம், வெள்ளையணுவின் உட்கரு வெளிறிவிடும். சரியான ஸ்லைடில் சிவப்பணு இளஞ்சிவப்பு, நியூட்ரோஃபில் துகள் மெல்லிய ஊதா, இயோசினோஃபில் ஆரஞ்சு, தட்டணுவின் நடுவே ஊதாத் துகள்கள். மலேரியா தேடும் ஸ்லைடுக்கு மட்டும் பஃபர் 7.2 வைத்துக்கொள்ளுங்கள். வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி புகுந்த செல்லில் வரும் ஷுஃப்னர் புள்ளிகள் 6.8இல் சரியாகத் தெரியாது.

பார்ப்பது

லென்ஸுக்கு முன்னால் வெறும் கண்ணால் ஸ்லைடை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பின்னணியே நீலம் பாய்ந்திருந்தால் ரத்தத்தில் புரதம் அதிகம் இருக்கலாம். மைலோமா (மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களில் வரும் புற்று) நினைவுக்கு வர வேண்டும். மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக இருந்தால் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குளிரில் ஒட்டும் ஆன்டிபாடி இருக்கிறதோ என்று, குழாயை 37 டிகிரியில் சூடாக்கி வேறு ஸ்மியர் போட்டுப் பாருங்கள்.

அடுத்து 10 மடங்கு லென்ஸில் நேராக வாலுக்குப் போங்கள். எல்லோரும் நடுவில் ஆரம்பிப்பார்கள், நான் வாலில் ஆரம்பிக்கச் சொல்கிறேன். இழுக்கும்போது பெரிய செல்கள் ஸ்பிரெடரோடு போய் வாலிலும் ஓரங்களிலும்தான் சேரும். பிளாஸ்ட் அங்கே இருக்கும். தட்டணுக் கட்டிகள் அங்கே இருக்கும். ஃபைப்ரின் நூல்கள் அங்கே இருக்கும். அது இருந்தால் குழாயில் ரத்தம் பாதி உறைந்துவிட்டது, திரும்ப ரத்தம் கேளுங்கள். யானைக்கால் நோயின் குட்டிப் புழுவான மைக்ரோஃபைலேரியாவும் அங்கேதான் சுருண்டு கிடக்கும்.

ஒரு டெங்கு சீசனில் வந்த பையனைச் சொல்கிறேன். காலேஜ் முதல் வருடம். ஈறில் ரத்தம், காலில் சிவப்புப் புள்ளிகள். தட்டணு 18,000, வெள்ளையணு 2,100. அந்த வாரம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு இதே மாதிரிதான் எண்கள். "டெங்குதான் அக்கா, டாக்டர் சொல்லிட்டார், தட்டணு மட்டும் எழுதிக் கொடுங்க" என்று அவனுடைய அண்ணன் கவுன்ட்டரில் நின்றான். ஹீமோகுளோபின் 7.2 என்பதுதான் எனக்கு உறுத்தியது. டெங்குவில் ரத்தம் கெட்டியாகும், ஹீமோகுளோபின் இப்படி இறங்க வேண்டுமென்றால் வேறு காரணம் வேண்டும். வாலில் போய்ப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செல்கள். ஆயில் லென்ஸில் (எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸ்) சைட்டோபிளாசம் முழுக்க முரட்டு ஊதாத் துகள்கள், உட்கரு இரண்டாக மடிந்து, ஒரு செல்லில் சிவந்த ஊசிகள் கட்டுக்கட்டாக. அவை ஆவர் ராடுகள். விறகுக் கட்டாக இப்படி இருந்தால் ஃபேகட் செல் என்பார்கள். அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்ற ரத்தப் புற்று. எங்கள் நோயியல் மருத்துவர் ஐந்து நிமிடத்தில் வந்து பார்த்துவிட்டு, நேராக டாக்டருக்குப் போன் போட்டார். அன்று சாயங்காலமே பையனை மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள், இந்த நோய்க்கான அட்ரா மாத்திரை அன்று இரவே தொடங்கியது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. லுக்கீமியாக்களில் இந்த ஒன்றில் மணிக்கணக்கில் வித்தியாசம் உண்டு. ரத்தம் உறையும் அமைப்பே குலைந்து, முதல் சில நாட்களில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோகிறார்கள். அந்த நாட்களைத் தாண்டிவிட்டாலோ, குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறிக்கொள்வதால் வரும் நோய் இது. அட்ராவும் ஆர்செனிக் ட்ரை ஆக்சைடும் அந்தக் கோளாறைக் குறிபார்த்தே வேலை செய்கின்றன. ஆர்செனிக் ட்ரை ஆக்சைடை மட்டுமே கொடுத்து நோயாளிகள் நீண்ட நாள் நலமாக இருந்த அனுபவத்தை நம் வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் 2006இல் உலகத்துக்குச் சொன்னார்கள். மருந்து இருக்கிறது, பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்லைடை அன்றே பார்க்கும் கண்தான் வேண்டும். அதனால் இப்படி ஒரு செல்லைச் சந்தேகித்தால் ரிப்போர்ட் டைப் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். போனை எடுங்கள், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று ரிஜிஸ்டரில் எழுதுங்கள்.

வாலை முடித்ததும், சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கும் பகுதிக்கு வாருங்கள். சிவப்பணுவின் வடிவத்தை இங்கே மட்டும்தான் பேசலாம். தடித்த பகுதியில் எல்லாருக்கும் ரூலோ (காசு அடுக்கியதுபோல் ஒட்டிய சிவப்பணுக்கள்) தெரியும், வாலின் கடைசியில் எல்லாருடைய சிவப்பணுவும் நடுவெளிறல் இல்லாமல் ஸ்பெரோசைட்டாக, அதாவது உருண்டைச் செல்லாகத் தெரியும். இரண்டையும் நம்பாதீர்கள்.

அளவுகோலாகச் சிறிய லிம்போசைட்டின் உட்கருவை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பணு ஏறக்குறைய அந்த அளவு இருக்க வேண்டும், நடுவெளிறல் மூன்றில் ஒரு பங்கு. சிறுத்து வெளிறிப்போய், ஊடே பென்சில் செல்களும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. நம் பெண்களில் தினமும் பார்ப்பது. சிறுத்திருந்தாலும் எல்லாம் ஒரே அளவாக, நடுவே பொட்டு வைத்தது போன்ற டார்கெட் செல்களோடு இருந்தால் தலசீமியா டிரெய்ட்டை நினையுங்கள், அதாவது இந்தப் பரம்பரை ரத்தசோகையின் மரபணுவைச் சுமப்பவர். சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது ஒரு சுலபமான வழி: 62ஐ 5.6ஆல் வகுத்தால் 11, இது 13க்குக் கீழே, தலசீமியா பக்கம், 68ஐ 3.4ஆல் வகுத்தால் 20, இரும்புக் குறைவின் பக்கம். இது துப்பு மட்டும்தான். உறுதி செய்ய, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி சோதனை வேண்டும். கர்ப்பிணிப் பெண் என்றால் கணவருக்கும் ரத்தம் பார்க்க வேண்டுமா என்று டாக்டர் முடிவெடுக்க உதவும், அதனால் கட்டாயம் குறிப்பில் எழுதுங்கள்.

முட்டை வடிவப் பெரிய சிவப்பணுவோடு ஆறு இதழ் நியூட்ரோஃபில் ஒன்று கண்ணில் பட்டாலும் போதும், பி12 அல்லது ஃபோலேட் குறைவு. ஐந்து இதழ் என்றால் நூற்றுக்கு ஐந்தாவது இருக்க வேண்டும். இந்த வகை ரத்தசோகையைப் பம்பாயில் ஆலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிகளிடம் ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற மருத்துவர், ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணமாக்கி 1931இல் எழுதினார். ஃபோலிக் ஆசிட் மாத்திரையின் கதை அங்கே தொடங்குகிறது.

நீலகிரி பக்கம் வேலை பார்ப்பவர்கள், சிவப்பணு அரிவாள்போல் வளையும் நோயான சிக்கிள் செல்லைக் கவனியுங்கள். இந்தியாவில் சிக்கிள் செல் இருக்கிறது என்று முதன்முதலில் 1952இல் லேமனும் கட்புஷும் எழுதியதே நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைப் பார்த்துத்தான். டிரெய்ட் மட்டும் உள்ளவர்களின் ஸ்மியரில் ஒன்றும் தெரியாது, அவர்களுக்குக் கரைதிறன் சோதனையும் ஹெச்.பி.எல்.சி.யும் தேவை.

கண்ணாடிவிரியன் கடித்து வருபவரின் ஸ்லைடு வந்தால் உடைந்த சிவப்பணுக்களை, அதாவது ஸ்கிஸ்டோசைட்டுகளைத் தேடுங்கள். முக்கோணமாக, ஹெல்மெட் வடிவில் இருக்கும். ஆயிரம் சிவப்பணுக்களில் பத்துக்கு மேல் இருந்தால் பொருட்படுத்த வேண்டிய விஷயம். தட்டணுவும் குறைந்திருந்தால் ரத்த நாளங்களுக்குள் நுண்ணிய அடைப்புகள், சிறுநீரகத்துக்கு ஆபத்து. டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள்.

தட்டணுவுக்கு வருவோம். பத்து ஆயில் ஃபீல்டில் எண்ணிச் சராசரி எடுத்து 15,000ஆல் பெருக்கினால் தோராயக் கணக்கு கிடைக்கும். மெஷின் 30,000 என்று சொல்லி, ஸ்லைடில் ஃபீல்டுக்குப் பன்னிரண்டு தெரிந்தால் எங்கோ இடிக்கிறது. வாலில் கட்டியாகச் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். சிலருடைய ரத்தத்தில் இ.டி.டி.ஏ பட்டாலே தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும். நீல மூடி சிட்ரேட் குழாயில் திரும்ப எடுத்து, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்குங்கள். டெங்கு பயத்தில் இருக்கும் வீட்டில் ஒரு பொய்யான 30,000 என்ன பதற்றத்தை உண்டாக்கும், தேவையில்லாமல் எத்தனை பேர் பிளேட்லெட் தானம் கேட்டு அலைவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வெள்ளையணு டிஃபரன்ஷியலை, அதாவது எந்த வகை எத்தனை சதவீதம் என்ற கணக்கை, ஓரத்துக்கும் நடுவுக்குமாகக் கோட்டைச் சுவர் வடிவில் மேலும் கீழும் நகர்ந்து எண்ணுங்கள். 100 போதும், அசாதாரணம் இருந்தால் 200. உட்கருவுள்ள சிவப்பணு தெரிந்தால் தனியாகக் குறித்துக்கொண்டு மொத்த எண்ணிக்கையைத் திருத்துங்கள். மெஷின் 12,000 சொல்லி, 100 வெள்ளையணுவுக்கு 50 உட்கரு சிவப்பணு இருந்தால், 12,000ஐ 100ஆல் பெருக்கி 150ஆல் வகுக்க வேண்டும், உண்மை 8,000. முதிராத மைலோசைட், மெட்டாமைலோசைட், முதிர்ந்த நியூட்ரோஃபில் என்று மஜ்ஜையையே ஸ்லைடில் கொட்டியதாகத் தெரிந்து, பேசோஃபில் என்ற வெள்ளையணுவும் கூடியிருந்தால் அது சி.எம்.எல் (நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா) ஆக இருக்கலாம். அதை உறுதி செய்யும் பி.சி.ஆர்-ஏ.பி.எல் மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம் என்று குறிப்பு எழுதச் சொல்லி நோயியல் மருத்துவரிடம் காட்டுங்கள். வயதானவர்களில் லிம்போசைட் 80 சதவீதத்தோடு நசுங்கிய செல்கள் நிறைய இருந்தால் சி.எல்.எல் (நாள்பட்ட லிம்போசைட் லுக்கீமியா) ஆக இருக்கலாம். ஐந்து துளி ரத்தத்துக்கு ஒரு துளி 22 சதவீத ஆல்புமின் சேர்த்து ஸ்மியர் போட்டால் செல்கள் நசுங்காமல் நிற்கும். அந்த ஆல்புமின் ரத்த வங்கியில் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மஜ்ஜை எடுக்கும்போது

மஜ்ஜைக்கு அழைத்தால் டாக்டருக்கு முன்பே வார்டுக்குப் போங்கள். பத்து ஸ்லைடுகளைத் துடைத்து, பென்சிலால் எழுதி, ஸ்பிரெடரோடு விரித்து வையுங்கள். வாட்ச் கிளாஸ், இ.டி.டி.ஏ குழாய், பச்சை மூடி ஹெப்பாரின் குழாய், ஃபார்மலின் பாட்டில். அந்தக் கடைசிப் பொருளை மட்டும் மூடியைத் திறக்காமல் அறையின் மறு மூலையில் வையுங்கள். ஃபார்மலின் ஆவி பட்ட ஸ்மியர் பச்சையும் நீலமுமாகச் சாயம் ஏறி, செல்களின் உள்விவரம் எதுவும் தெரியாமல் போகும். இத்தனை வலி தாங்கி ஒருவர் கொடுத்த மஜ்ஜையை ஆவியில் கெடுத்துவிடக் கூடாது.

இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில்தான் வழக்கமாக எடுப்பார்கள். மரப்பு ஊசி தோலையும் எலும்பின் மேலுறையையும் மரக்கவைக்கும், ஆனால் உறிஞ்சும் அந்த நொடியின் வலியைத் தடுக்காது. யாரும் சொல்லாமல் அது வரும்போது நோயாளி துள்ளிவிடுகிறார். டாக்டர் ஊசியில் கவனமாக இருப்பார், அதனால் நான் தலைமாட்டில் நின்று, "அண்ணாச்சி, இப்போ உள்ளே இருந்து ஒரு இழுப்பு இழுக்கும். மூணு எண்ணுறதுக்குள்ளே முடிஞ்சிரும், கையைப் பிடிச்சிக்கிடுங்க" என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டால் பெரும்பாலோர் அசையாமல் படுத்திருப்பார்கள். தட்டணு குறைவு என்பதற்காக மஜ்ஜை எடுப்பதைத் தள்ளிப்போடுவதில்லை. முடிந்தபின் அந்த இடத்தை நன்றாக அழுத்திப் பிடித்து, மல்லாந்து படுக்கவைக்க வேண்டும், அவ்வளவுதான். உறைகாரணிக் குறைபாடு இருந்தால் அது வேறு கதை, டாக்டர் முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

முதல் இழுப்பு 0.2லிருந்து 0.5 மி.லி.க்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் இழுத்தால் வருவது சாதாரண ரத்தம்தான், மஜ்ஜையை நீர்த்துப்போகச் செய்யும். முதல் இழுப்பு முழுக்க ஸ்மியருக்கு. செல்களின் வகையை அடையாளம் காணும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கும் குரோமோசோம் சோதனைக்கும் ஊசியைக் கொஞ்சம் நகர்த்தி இரண்டாவது இழுப்பு. குரோமோசோமுக்குப் போகும் ஹெப்பாரின் குழாயை ஃபிரிட்ஜில் உறைய விடாதீர்கள். அந்தச் செல்கள் உயிரோடு இருந்து பிரிய வேண்டும்.

சிரிஞ்சில் வந்ததை உடனே வாட்ச் கிளாஸில் விட்டுச் சாய்த்துப் பாருங்கள். ரத்தம் ஒரு பக்கம் ஓட, ரவை ரவையாக, கொழுப்பு மினுங்கும் சின்னத் துணுக்குகள் கண்ணாடியில் ஒட்டி நிற்கும். அவைதான் மஜ்ஜைத் துணுக்குகள். அவை இல்லாத ஸ்லைடை வைத்து மஜ்ஜையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பிப்பெட்டால் துணுக்கைப் பொறுக்கி ஸ்லைடில் வைத்து, கூட வரும் ரத்தத்தை ஃபில்டர் பேப்பர் ஓரத்தால் உறிஞ்சிவிட்டு, ஸ்பிரெடரால் இழுங்கள். துணுக்கு இழுபட்ட வழியில் செல்கள் வரிசையாக நிற்கும். இரண்டு ஸ்லைடை மட்டும் நசுக்கி எடுங்கள்: துணுக்கின் மேல் இன்னொரு ஸ்லைடை வைத்து, அழுத்தாமல் நீளவாக்கில் பிரிக்க வேண்டும். மஜ்ஜை வேகமாக உறையும், பேசிக்கொண்டு நிற்க நேரமில்லை.

ஒன்றுமே வரவில்லை என்றால் டிரை டேப். மஜ்ஜை நாராக இறுகியிருக்கலாம், புற்றுச் செல்கள் அடைத்திருக்கலாம். அப்போது எலும்பைத் துளைத்தெடுக்கும் ஜம்ஷிடி ஊசியில் வரும் எலும்புத் துண்டுதான் கதி. அதை ஃபார்மலினில் போடுவதற்கு முன், இரண்டு மூன்று ஸ்லைடில் மெதுவாகத் தொட்டுத் தொட்டு எடுங்கள். உரசாதீர்கள். அந்த இம்ப்ரின்ட்டில் செல்கள் நன்றாகவே தெரியும், எலும்பை அமிலத்தில் மென்மையாக்கி வெட்டும் வரை நாள்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். துண்டு 2 சென்டிமீட்டராவது இருக்கிறதா என்று அங்கேயே அளந்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

மஜ்ஜை ஸ்மியர் தடிமனாக இருக்கும், சாய நேரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குங்கள். பார்க்கும் வரிசை அதேதான்: 10 மடங்கில் துணுக்குகளும், தட்டணுவை உண்டாக்கும் பெரிய செல்களான மெகாகேரியோசைட்டுகளும், ஓரங்களில் கட்டியாகப் புற்றுச் செல் இருக்கிறதா என்பதும். செல்லடர்த்தி வயதோடு குறையும். 100லிருந்து வயதைக் கழித்தால் வருவது தோராயமான சதவீதம். பிறகு ஆயில் லென்ஸ். வெள்ளையணு வரிசைக்கும் சிவப்பணு வரிசைக்கும் உள்ள விகிதம் 2க்கு 1லிருந்து 4க்கு 1 வரை இருக்கலாம். சதவீதமே நோயை முடிவு செய்யும் இடங்களில் 500 செல் எண்ண வேண்டும். பெரும்பாலான அக்யூட் மைலாய்டு லுக்கீமியாவுக்குப் பிளாஸ்ட் 20 சதவீதம், மைலோமாவுக்குப் பிளாஸ்மா செல் 10 சதவீதம் என்று கோடு இருக்கும்போது, 100 செல்லில் 19ஐயும் 21ஐயும் வைத்து ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்க முடியாது.

இரும்புக்கு ஒரு ஸ்லைடு ஒதுக்குங்கள். பெர்ல்ஸ் சாயம்: 2 சதவீத பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடும் 2 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சம அளவு, அப்போதே கலக்க வேண்டும். கூடவே, இரும்பு இருப்பது தெரிந்த பழைய ஸ்லைடு ஒன்றையும் போடுங்கள். நீலம் தெரியவில்லை என்றால் உடனே இரும்பு இல்லை என்று எழுதிவிடாதீர்கள்; ஏழு துணுக்குகளாவது பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்லலாம்.

வெளியே அனுப்புவதென்றால் சாயம் போட்டவை இரண்டு, போடாதவை குறைந்தது நான்கு. சாயம் போடாதவற்றை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்து அனுப்பலாமா என்று அந்த மையத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், சில சோதனைகளுக்கு ஊறவைக்காதது வேண்டும். முழுதாகக் காய்ந்த பின் ஸ்லைடு பெட்டியில் வையுங்கள், எலும்புத் துண்டு இருக்கும் ஃபார்மலின் பாட்டிலைத் தனி டப்பாவில், தனிப் பையில் கட்டுங்கள். கூடவே அன்றைய சி.பி.சி (முழு ரத்த எண்ணிக்கை), பெரிஃபெரல் (சாதாரண ரத்தத்தின்) ஸ்மியர் ஒன்று, நோயாளியின் வயது, என்ன தொந்தரவு, கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி, பி12 ஊசி, ஸ்டீராய்டு ஏதாவது போட்டார்களா என்ற விவரம். ஸ்டீராய்டு ஒரு டோஸ் போனாலே லிம்போபிளாஸ்ட்கள் (லிம்போசைட் வகைப் பிளாஸ்ட்கள்) கரையத் தொடங்கிவிடும், அங்கே உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஸ்லைடை மட்டும் உங்கள் லேபிலேயே, எண் எழுதி, பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கூரியரில் உடைந்தால் அதுதான் மிஞ்சும்.